சந்தோஷத்துக்குக் கழித்த ஐந்து புள்ளி

நான் நேர்மையான மனிதன் என்று எனக்கு நானே சான்றிதழ் கொடுத்துக்கொண்ட நேரம் என் நாட்குறிப்பில் பதிவாகியிருக்கிறது: செவ்வாய்க்கிழமை, மாலை 5.10, லேசான தூறல். அந்த நேர்மையால் இன்னொருவருக்கு என்ன ஆயிற்று என்பது எட்டுப் பக்கம் தள்ளி இருக்கிறது. இடையில் உள்ள பக்கங்களை இப்போது படித்தால், அன்றைக்கே யாராவது என் கையிலிருந்து பேனாவைப் பிடுங்கியிருக்கலாம் என்று தோன்றுகிறது.

கெடா மாநிலத்துச் சுங்கை லாலாங்கில் ரப்பர் மரப் பலகையில் மேசை நாற்காலி செய்யும் ஒரு தொழிற்சாலையில் நிர்வாக அதிகாரி வேலை எனக்கு. (அதிகாரி என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். விடுமுறைப் படிவமும் கழிவறைத் தாளும் என் பொறுப்பு.) அலுவலகத்தில் ஆறு பேர், தமிழன் நான் ஒருவன். மற்ற ஐவரும் தங்கமானவர்கள். மதியம் சாப்பிடப் போகும்போது ஒருநாளும் என்னை விட்டுவிட்டுப் போனதில்லை. நானும் கூடவே போவேன். ஆனால் எனக்கு வேடிக்கை தமிழில்தான் தோன்றும். அதை மனத்துக்குள் மலாய்க்கு மாற்றி, சொல்லலாமா வேண்டாமா என்று யோசித்து, வாயைத் திறப்பதற்குள் அவர்கள் காப்பியை முடித்து எழுந்துவிடுவார்கள். பதினோரு வருடமாக என்னிடம் சொல்லப்படாத வேடிக்கைகள் தேங்கிக் கிடந்தன.

வீட்டிலும் தனி ஆள். அலமாரி நிறையத் தமிழ்ப் புத்தகம் இருக்கிறது; எதுவும் "சாப்டியா?" என்று கேட்டதில்லை. (கேட்டிருந்தால் அன்றே வீட்டை மாற்றியிருப்பேன்.) வாய்விட்டுத் தமிழ் பேசுவது ஞாயிற்றுக்கிழமைகளில், கோலா கெத்திலில் அக்கா வீட்டில் மட்டும்.

இந்த நிலையில் எங்கள் ஸ்டோர் கிளார்க் வேலையை விட்டுப் போனார். விளம்பரத்தைத் தட்டச்சு செய்யும்போதே எனக்குள் ஒரு ஆசை எட்டிப் பார்த்தது. தமிழ் பேசுகிற ஒருவர் வந்தால் எவ்வளவு நன்றாயிருக்கும்! பத்து மணித் தேநீருக்குப் பேச்சுத்துணை. அவ்வளவுதான் ஆசை. கொலைக்குற்றம் இல்லை.

ஆனால் அதே வாரம் சுங்கைப் பட்டாணியில் ஒரு ஹோட்டலில் நடந்த ஒருநாள் பயிற்சிக்கு என்னை அனுப்பிவிட்டார்கள். வேலைக்கு ஆள் எடுக்கும்போது, நம்மை அறியாமலே நம் மனம் எப்படி ஒருபக்கம் சாய்கிறது என்பது பற்றிய பயிற்சி. கோலாலம்பூரிலிருந்து வந்த பயிற்சியாளர், "நீங்கள் மிகவும் நம்பும் ஐந்து பேரின் பெயரை எழுதுங்கள்" என்றார். பிறகு, அந்த ஐவரில் எத்தனை பேர் உங்கள் இனம், உங்கள் மொழி, உங்கள் வயது என்று பார்க்கச் சொன்னார். அறை முழுக்க அசட்டுச் சிரிப்பு. எல்லாருடைய பட்டியலும் கண்ணாடி பார்த்த மாதிரி இருந்ததாம். என் சிக்கல் வேறு. எனக்கு அக்கா, அக்கா புருஷன் என்று இரண்டு பெயருக்கு மேல் வரவில்லை. பக்கத்து இருக்கைக்காரர் எட்டிப் பார்த்ததால், மூன்றாவதாக என் பல் டாக்டரை எழுதினேன்.

"நம்மைப் போன்றவரைப் பார்த்தால் நமக்கு ஒரு மகிழ்ச்சி வரும். அந்த மகிழ்ச்சியைத் தகுதி என்று நினைத்துவிடுகிறோம்," என்றார் அவர். எனக்கு வேர்த்துவிட்டது. என் தேநீர் ஆசை அம்பலமானதுபோல் இருந்தது. இனி ஒரு துளியும் சாயமாட்டேன் என்று அங்கேயே முடிவெடுத்தேன். செவ்வாய், மாலை 5.10.

வார இறுதியில் அதே பொருளில் மூன்று புத்தகங்களை விழுந்து விழுந்து படித்தேன். (ஒருநாள் பயிற்சியால் மனிதர் அவ்வளவு எளிதில் மாறிவிடுவதில்லை என்று ஒன்றில் எழுதியிருந்தது. அது மற்றவர்களைப் பற்றி என்று எடுத்துக்கொண்டேன்.) திங்கட்கிழமை புதிய ஆட்சி தொடங்கியது. வந்திருந்த விண்ணப்பங்களில் பெயர், இனம், முகவரி, பள்ளிக்கூடம் எல்லாவற்றையும் கறுப்பு மையால் அடித்தேன். பெயருக்குப் பதில் எண். எல்லாருக்கும் அதே ஆறு கேள்விகள், அதே வரிசையில். தொடர்பில்லாத கேள்வி யார் கேட்டாலும் உடனே எச்சரிக்க, காவலர் அறையிலிருந்து கையால் தட்டும் மேசைமணி ஒன்றையும் கொண்டுவந்து வைத்தேன்.

நேர்காணல் செய்வது நானும் மேனேஜர் ரோஸ்லானும். ரோஸ்லான் பாலிங்காரர். கெடா மலாயில் எல்லாரையும் "ஹாங்", அதாவது "நீ", என்றுதான் கூப்பிடுவார். யாரைப் பார்த்தாலும் ஊர் கேட்காமல் அவருக்குப் பேச்சே வராது. முதல் ஆள் உட்கார்ந்ததும், "ஓராங் மானா?" என்றார். எந்த ஊர்?

டிங்.

இரண்டாம் ஆளிடம், "கல்யாணம் ஆச்சா?" என்றார்.

டிங்.

மூன்றாம் ஆள் வந்தபோது ரோஸ்லான் தண்ணீர் மட்டும் குடித்தார்.

நான்காம் எண் உள்ளே வந்தாள். இருபத்துமூன்று, இருபத்துநான்கு வயதிருக்கும். நெற்றியில் சின்ன விபூதிக் கீற்று. அதை அடிக்க என்னிடம் மை இல்லை. ரோஸ்லான் முகம் மலர்ந்து, "வணக்கம்!" என்றார். பாலிங் சந்தையில் கற்ற தமிழ்.

நான், "செலாமாட் பாகி, நொம்போர் எம்பாட்," என்றேன். காலை வணக்கம், நான்காம் எண்ணே.

அவள் மேசையில் இருந்த என் பெயர்ப் பலகையைப் படித்தாள். நடராஜன். அப்பாடா என்பதுபோல் முகத்தில் ஒரு நிம்மதி. "வணக்கம் அண்ணே," என்றாள்.

உள்ளுக்குள் என்னவோ உருகி ஓடியது. உடனே கழுத்தை நிமிர்த்திக்கொண்டு, பதில்களை மலாயில் சொல்லும்படி மலாயில் கேட்டுக்கொண்டேன். அந்த நிம்மதி அப்படியே வடிந்துபோனதைப் பார்த்தேன். பார்த்துக்கொண்டே முதல் கேள்வியைப் படித்தேன்.

பதில்கள் பிரமாதம். ஸ்டோரில் திருகாணிப் பெட்டி பன்னிரண்டு குறைந்தால் என்ன செய்வாய் என்பது நான்காம் கேள்வி. முன்னால் வந்த மூவரும் போலீஸ் வரைக்கும் போனார்கள். இவள், "முதலில் நானே இன்னொரு தடவை எண்ணுவேன். அப்புறம் யார் எடுத்தது என்று கேட்கமாட்டேன், யார் எண்ணியது என்று கேட்பேன்," என்றாள். ரோஸ்லான் என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன். நேரத்துக்கு வேலைக்கு வர முடியுமா என்ற கேள்விக்கு, கோலா கெத்திலிலிருந்து முதல் பஸ்ஸில் வருவேன் என்றாள். அக்காவின் ஊர்!

ஆறு கேள்வியும் முடிந்தபோது ரோஸ்லானுக்குத் தொலைபேசி வந்து வெளியே போனார். அறையில் நாங்கள் இருவர் மட்டும். அவள் கைப்பையின் பட்டையை விரலில் சுற்றினாள், அவிழ்த்தாள். பிறகு, மெல்லச் சாய்ந்து கேட்டாள்:

"அண்ணே, நீங்க எந்த தோட்டம்?"

இந்தப் பக்கத்துத் தமிழருக்கு இது விலாசம் கேட்கும் கேள்வி இல்லை. பிறந்து வளர்ந்த ரப்பர் தோட்டத்தின் பெயரைச் சொன்னால், அங்கே கணக்கெழுதிய கிராணி யார், லயத்து வரிசை வீடுகளில் எந்த வீடு, அட அவங்க எங்க சித்திக்குச் சம்பந்திதானே என்று மூன்றாவது வாக்கியத்தில் சொந்தமாகிவிடலாம். தோட்டம் செம்பனையாகி, வீட்டு மனையாகி, இருந்த இடம் தெரியாமல் போனாலும் கேள்வி மட்டும் போகவில்லை. அந்தக் கட்டடத்தில் பதினோரு வருடத்தில் யாரும் என்னை அதைக் கேட்டதில்லை. பதில் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது.

நான் மணியை அடித்தேன்.

டிங்.

அவள் திடுக்கிட்டுக் கதவைப் பார்த்தாள். யாரும் வரவில்லை. திரும்பி என்னைப் பார்த்தாள், மணியைப் பார்த்தாள். "மாஆஃப், என்சிக்," என்றாள். மன்னிக்கணும், ஐயா. அண்ணன் ஒரே மணியில் ஐயாவாகிவிட்டேன்.

எங்கள் இருவர் கையிலும் ஆளுக்கு ஐம்பது புள்ளி. ரோஸ்லான் அவளுக்கு நாற்பத்துநான்கு போட்டார். நான் பென்சிலில் நாற்பத்துமூன்று போட்டேன். போட்டுவிட்டு, இதில் எவ்வளவு தகுதி, எவ்வளவு சாய்வு என்று ஆராய உட்கார்ந்தேன். சாய்வை உணருங்கள் என்றுதான் பயிற்சியாளர் சொன்னார். கழியுங்கள் என்று சொல்லவில்லை. அது என் சொந்தக் கண்டுபிடிப்பு. தாளின் ஓரத்தில் முறையாக எழுதினேன்: அண்ணே என்று அழைத்ததற்கு இரண்டு. அக்காவின் ஊர் என்பதற்கு ஒன்று. அவள் வந்ததில் எனக்குச் சந்தோஷம் ஏற்பட்டதற்கு ஐந்து. மொத்தம் எட்டு கழித்து முப்பத்தைந்து. ரோஸ்லான் போட்டதோடு கூட்டினால் எழுபத்தொன்பது. இரண்டாம் எண்ணுக்கு எண்பத்தொன்று. வேலை இரண்டாம் எண்ணுக்குப் போயிற்று. அன்றிரவு நாட்குறிப்பில் "தர்மம் வென்றது" என்று எழுதி அடிக்கோடு போட்டிருக்கிறேன். அந்தக் கோடு எவ்வளவு நேராக இருக்கிறது என்பதைப் பார்த்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது.

கிடைக்காதவர்களுக்கு மரியாதையாகத் தெரிவிக்க வேண்டும் என்பதும் என் விதிதான். மறுநாள் நான்காம் எண்ணை நானே அழைத்தேன். லோகேஸ்வரி என்று பெயர். மலாயில் எழுதி வைத்திருந்ததை வாசித்தேன். அவள் மலாயில் நன்றி சொன்னாள். போனை வைக்க மறந்துவிட்டாள் போலிருக்கிறது, வீட்டுப் பேச்சு அப்படியே என் காதில் விழுந்தது.

"யாருடி லோகேஸ்?"

"அந்தத் தமிழ் தெரியாத சார்மா. வேல இல்லையாம்."

"தமிழ் தெரியாதா? பேரு நடராஜன்னு சொன்ன?"

"பேரு இருந்தா போதுமா? எந்த தோட்டம்னு ஆசையா கேட்டேன்மா. திருதிருன்னு முழிச்சிட்டு மணி அடிச்சிட்டாரு."

"மணியா? எதுக்குடி?"

"புரியலன்னா அடிப்பாரு போலருக்கு. பாவம்லா."

நான் ஓசைப்படாமல் போனை வைத்தேன்.

அந்த வாரக் கடைசியில் ரோஸ்லான் கோப்பைப் பார்த்தார். (நான் எதையும் கிழித்துப்போடும் சாதி இல்லை. கழித்த கணக்கை நேரத்தோடு எழுதிக் கோப்பில் சேர்த்திருந்தேன்.) ஓரத்துக் குறிப்புக்கு அர்த்தம் கேட்டார். சொன்னேன்.

"அவாட் ராஜன்? ஏன் இப்படி? அந்தப் பொண்ணு வந்ததுல எனக்கும்தான் சந்தோஷம். நான் எவ்வளவு கழிக்கணும்?" என்று மலாயில் கேட்டார். பிறகு கூட்டிப் பார்த்து, "இந்த அஞ்சு மட்டும் இல்லன்னா அவதான் முதல்," என்றார். அதற்குள் இரண்டாம் எண் நியமனக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டாயிற்று. நல்ல பிள்ளை, இன்றும் எங்கள் ஸ்டோரில்தான் இருக்கிறார். அவரைக் குறை சொல்லவும் எனக்கு வழியில்லை.

அடுத்த ஞாயிறு அக்கா வீட்டில் சாப்பிட உட்கார்ந்தபோது, அக்கா ரசத்தை ஊற்றிக்கொண்டே ஆரம்பித்தாள். "டேய் தம்பி, ஒங்க ஆபீஸ்ல யாருடா அது, தமிழ் தெரியாத ஆளு? எங்க கோயில் பெண்கள் குழுவுல ஒரு அம்மா மகளுக்கு வேல கெடைக்கலயாம். உள்ள ஒக்காந்திருந்த நம்மாளுக்கு ஒரு வார்த்த தமிழ் வரலயாம். மணி அடிக்கிறானாம்லா!"

நான் அப்பளத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ஒங்க ஆபீஸ்ல நம்மாளு நீ ஒருத்தன்தானடா..." என்றவள் கரண்டியைக் கீழே வைத்தாள். "அடப்பாவி."

எல்லாவற்றையும் சொன்னேன். அக்கா சிரித்தாள், திட்டினாள், மறுபடி சிரித்தாள். நேரில் போய் மன்னிப்புக் கேட்கிறேன் என்றேன். அக்கா சட்டென்று சிரிப்பை நிறுத்தினாள்.

"போயி என்ன சொல்லுவ? தமிழ் தெரியாதவன் வேல குடுக்கலன்னா, போவட்டும்னு விட்டுடும் அந்தப் புள்ள. தெரிஞ்சிகிட்டே குடுக்கலன்னு தெரிஞ்சா ஆயுசுக்கும் வலிக்கும்டா. நீ வாய மூடிகிட்டு தெரியாதவனாவே இரு."

இருந்தேன். இரண்டு மாதம் கழித்து ஒரு ஞாயிறு காலை, கோலா கெத்தில் சந்தையில் அக்காவோடு காய்கறி வாங்கும்போது லோகேஸ்வரி எதிரே வந்துவிட்டாள். ஒரு கிளினிக்கில் பதிவு முகப்பில் வேலை கிடைத்திருந்தது. என்னைப் பார்த்து, குழந்தையிடம் பேசுவதுபோல் நிறுத்தி நிறுத்தி மலாயில் நலம் விசாரித்தாள். பிறகு அக்காவிடம் திரும்பி, "ஒங்க தம்பியா ஆன்டி இவரு? தமிழே தெரியாதே!" என்றாள்.

அக்கா கண்ணிமைக்காமல், "ஆமாம்மா. வளந்த எடம் அப்படி. நாங்களும் கத்துக் குடுத்துதான் பாக்குறோம், ஏற மாட்டேங்குது," என்றாள்.

லோகேஸ்வரி ஒரு காயை எடுத்து என் முகத்துக்கு நேரே பிடித்தாள். "பெண்டி. தமிழ்ல வெண்டக்கா. சொல்லுங்க என்சிக்."

"வெ... ண்டக்... கா."

"பரவால்லியே! நல்லா வருதே!" என்று கைதட்டினாள். காய்கறிக்காரரும் சேர்ந்து தட்டினார்.

அதன்பிறகு ஞாயிறுதோறும் சந்தையில் பார்த்தால் ஒரு சொல் கற்றுத் தருவாள். உண்மையைச் சொல்லிவிட்டால் அந்தப் பிள்ளைக்கு வலிக்கும் என்று அக்கா சொன்னது சரி. சொல்லிவிட்டால் பாடம் நின்றுவிடும் என்பது நானாகச் சேர்த்துக்கொண்டது. இதுவரை பத்தொன்பது சொற்கள். தேதிவாரியாக எழுதி வைத்திருக்கிறேன். அக்கா வீட்டில் இது பெரிய கூத்தாகிவிட்டது. அக்கா மகள் தட்டைக் கையில் பிடித்துக்கொண்டு, "மாமா, இன்னிக்கி என்ன பாடம்? சொன்னாத்தான் சோறு," என்பாள். வெளியூரிலிருந்து வருகிற விருந்தாளிகளுக்கும் முதலிலிருந்து கதை சொல்லப்படும், மணியோசை உட்பட.

போன ஞாயிறு காலை நல்ல மழை. சந்தையில் குடையைப் பிடித்துக்கொண்டு, கடைக்காரர்கள் தார்ப்பாயைச் சுருட்டும் வரை நின்றேன். லோகேஸ்வரி வரவில்லை. அக்கா என் நனைந்த சட்டையைப் பார்த்தாள். பாடம் எதுவும் கேட்காமல் சோற்றைப் போட்டாள்.

அக்கா மகள்தான் விடவில்லை. "என்ன மாமா, இன்னிக்கி நீங்க ஆப்சென்ட்டா, டீச்சர் ஆப்சென்ட்டா?"

"டீச்சர்தான்," என்றேன்.

வீடே சிரித்தது. நானும் சிரித்தேன், கொஞ்சம் தாமதமாக.