ஏழு பேரு வருத்தம்

போன வாரம் ஒரு நாள் எனக்கு இருந்தது ஒரே ஒரு வேலை. மகள் கோமதியின் கல்யாணத்தைப் பேசி நிச்சயம் செய்ய மறுநாள் புளியங்குடிக்குப் போகிறோம். எத்தனை பேர் என்று மாப்பிள்ளையின் அப்பா வாட்ஸ்அப்பில் கேட்டிருந்தார். பதில் சொல்ல வேண்டும்.

போனில் கூப்பிட்டால் தீர்ந்தது. ஆனால் சம்பந்தியாகப் போகிறவரிடம் பேச எனக்குக் கூச்சம். எழுதலாம் என்றால் ஐந்தாம் வகுப்புப் படிப்பு. ஒவ்வொரு எழுத்தாகத் தேடவேண்டும்.

மைக் படத்தை அழுத்திப் பேசினால் பேச்சை எழுத்தாக மாற்றிவிடுமாம். செல்போன் கடைக்காரர் சொன்னது. நம்பினேன்.

"நாளைக்கு நாங்க ஏழு பேரு வருதோம்."

நான் சொன்னது ஐந்து வார்த்தை. திரையில் எண்ணினேன். ஐந்து இருந்தது. அனுப்பிவிட்டேன். எண்ணத் தெரிந்த மேதைக்கு வாசிப்பு எதற்கு?

பதில் வந்தது. கண்ணாடி போட்டு அதை மட்டும் வாசித்தேன். "எதுக்கு அண்ணாச்சி?"

ஏழு பேர் எதற்கு என்கிறார். ஒற்றைப்படையில் வரச் சொன்னவரே அவர்தான்! மறுபடி மைக்கை அழுத்தினேன். "அன்னைக்கு நீங்க சொன்னதுனாலதான்."

உடனே அடுத்தது. "அப்பம் வேண்டாமா?"

காலைப் பலகாரமா? முதல் நாளே அவர்களுக்கு எதற்குச் சிரமம்? போகிற வழியில் கடையநல்லூரில் ஹோட்டல் இருக்கிறது. "வேண்டாம் அண்ணாச்சி. வேற இடத்துல பாத்துக்கிடுதோம்."

என் பெருந்தன்மையை நானே மெச்சிக்கொண்டேன்.

பத்து நிமிஷத்தில் கோமதி தன் போனோடு அழுதுகொண்டு வந்தாள். மாப்பிள்ளை கூப்பிட்டிருக்கிறார். "யப்பா, என்னைய ஒரு வார்த்தை கேக்காம வேண்டாம்னு சொல்லிட்டியளா?"

"ஏட்டி, அப்பத்துக்கா அழுத?"

என் மனைவி என் போனைப் பிடுங்கி முதலிலிருந்து வாசித்தாள். "'நாளைக்கு நாங்க ஏழு பேரு வருத்தம்.' ஏங்க, இது என்ன, எழவு விழுந்த துட்டி வீட்டுக்குச் சொன்ன மாதிரி இருக்கு?"

'வருதோம்' என்றால் 'வருத்தம்'. இந்தியும் மலையாளமும் தெரிந்த மெஷினாம். தென்காசிக்காரன் பேச்சு தெரியாதாம். நான் சொன்ன மற்ற இரண்டையும் மட்டும் ஒரு எழுத்துப் பிசகாமல் எழுதியிருந்தது.

"இப்பம் நீங்களே பேசுங்க," என்று போனை என் கையில் திணித்தாள்.

கூப்பிட்டேன். "அண்ணாச்சி, நான் வருதோம்னுதான் சொன்னேன். இந்தச் சனியன் வருத்தம்னு எழுதிட்டு."

 

"அப்பம் பொண்ணு குடுக்க இஷ்டந்தானா?" என்றார்.

"இஷ்டந்தான். ஆனா நீங்க அப்பம் வேணுமான்னு..."

"அப்போ வேண்டாமான்னு கேட்டேன்வே! நம்ம ஊருல அப்பம்னுதான சொல்லுதோம்?"

இந்த முறை மெஷின் மேல் குற்றமில்லை. நானேதான்.

மறுநாள் ஏழு பேரும் போனோம். இலையில் முதலில் வைத்தது அப்பம். நான் வேண்டாம் என்று சொல்லவில்லை.