மன்னருக்கு மூச்சு தண்டிய கதை

மலைக்கு அப்பால் வளிநாடு என்று ஒரு நாடு இருந்தது. அதன் மன்னர் அமுதவர்மருக்குச் சாக விருப்பமில்லை. இது எல்லாருக்கும் உள்ள ஆசைதான். மன்னருக்கு வந்தால் மட்டும் அது அரசுத் திட்டமாகிவிடுகிறது.

சீன தேசத்திலிருந்து ஒரு தாவோ துறவி வந்தார். "கொப்பூழுக்குக் கீழே ஓர் அடுப்பு இருக்கிறது. மூச்சை அங்கே இறக்கி மெல்லக் கனியவைத்தால், உள்ளே பொன்னாய் ஒரு சிசு உருவாகும். அதற்குச் சாவில்லை" என்றார்.

"எத்தனை காலம் ஆகும்?"

"ஆயுள் முழுவதும்."

தன் மூச்சை ஏன் செலவழிக்க வேண்டும் என்று மன்னர் யோசித்தார். நாட்டில் இத்தனை பேர் சும்மா மூச்சு விட்டுக்கொண்டிருக்கிறார்களே. ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே! துறவி தலையில் அடித்துக்கொண்டு கப்பலேறினார்.

மாலைதோறும் வீட்டுக்கு ஒரு தோல்பை நிறைய மூச்சு ஊதி வரியாகத் தரவேண்டும் என்று ஆணை பிறந்தது. பைகள் தொய்ந்து வந்தபோது, மூச்சு வீணாகிறது என்று பாட்டுக்குத் தடை போட்டார்கள். பிறகு அடுப்பு ஊதவும் தடை. மக்கள் அரைவேக்காட்டுச் சோறு தின்று துவண்டார்கள். பைகள் இன்னும் தொய்ந்தன. உடனே பையைப் பெரிதாக்கினார்கள்.

கூடை முடையும் இருளப்பன் வீட்டில் ஒரு மாலை பிள்ளை பிறந்தது. பிறந்தது அழவில்லை, நீலம் பாரித்துக் கிடந்தது. அவன் அதன் வாயில் வாய்வைத்து ஊதிக்கொண்டிருந்தபோது, மூச்சு வரி வசூலிக்கும் தண்டலர், கிழவர் தாண்டவராயர், பையோடு வந்து நின்றார்.

"பைக்கு வெளியே ஊதும் மூச்சு இராசத் துரோகம்" என்றார்.

இருளப்பன் மனைவி செங்கமலம் படுத்தபடியே சொன்னாள்: "என்ன தண்டனைன்னாலும் குடுங்க ஐயா. அவரை ஊத மட்டும் விடுங்க. நிறுத்துனா புள்ள போயிரும்."

தாண்டவராயர் விதியைச் சொல்ல வாயெடுத்தார். பிள்ளையின் நீல முகத்தைப் பார்த்தார். பையைக் கீழே போட்டுவிட்டுப் பிள்ளையருகே குந்தினார்.

"மெல்ல ஊதுப்பா. சின்ன நெஞ்சு" என்றார்.

பிள்ளை இருமியது, வீறிட்டு அழுதது. கிழவருக்குக் கண் நிறைந்தது. சொல்கிற எனக்கும் நிறைகிறது.

"பைக்கு என்ன பண்ணுவீங்க?" என்று இருளப்பன் பயந்து கேட்டான்.

"பார்த்துக்கிறேன். நீ புள்ளையைப் பாரு."

தெருவில் அடித்த காற்றைப் பையில் பிடித்துக் கட்டிக்கொண்டு புறப்பட்டார். தெரிந்தால் தலை போகும்.

அரண்மனையில் மன்னர் அரியணையில் அசையாமல் இருந்தார். அமைச்சர் மன்னரின் மூக்கருகே கண்ணாடி பிடித்துப் பார்த்தார். மூச்சில்லை. வைத்தியர் வாய்திறப்பதற்குள் அமைச்சர் அறிவித்தார்: "சிசு உருவாகிவிட்டது. மன்னர் மூச்சைக் கடந்துவிட்டார். சிசு வளர வேண்டும், இனி வீட்டுக்கு இரண்டு பை."

தாண்டவராயரின் பையை மன்னர் முகத்துக்கு நேரே அவிழ்த்து, அமைச்சர் தாமும் முகர்ந்தார்.

"உயர்ந்த மூச்சு. எப்படித் தண்டினீர்? மற்றவர்களுக்கும் கற்றுக்கொடும்."

தாண்டவராயர் எல்லாத் தண்டலர்களுக்கும் ஒளிக்காமல் கற்றுக்கொடுத்தார். பைகள் தெருக்காற்றால் புடைத்து வந்தன, தடைகள் தேவையற்றுப்போயின.

மன்னர் முன்னைவிட நலமாக இருப்பதாக இன்றும் முரசறைகிறார்கள். வளிநாட்டில் அடுப்பு எரிகிறது, தாலாட்டு கேட்கிறது. இவ்வளவு நல்ல ஆட்சியை அவர் உயிரோடு இருந்தபோது யாரும் கண்டதில்லை.