அமரர் ஜீவராணி ஓடிய பந்தயம்

தன் படத்துக்கு மாலை போட்டு, முன்னால் குத்துவிளக்கும் வைத்திருப்பதைப் பார்த்ததும் ஜீவராணிக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. மேலே பேனர் தொங்கியது: 'அமரர் ஜீவராணி நினைவு மைதானம்.'

நாட்டுக்காக மூன்று ஆசியப் போட்டிகளில் நூறு மீட்டர் ஓடியவள். ஓட்டத்தை விட்டுப் பதினெட்டு வருடமாகிறது. பிறந்த தேயிலைத் தோட்டத்தில் பாராட்டு விழா என்று சொன்னார்களே என்று, பட்டுச்சேலை கட்டிக்கொண்டு ஹட்டனிலிருந்து பஸ் ஏறி கந்தப்பளைக்கு வந்திருக்கிறாள். வந்து பார்த்தால் கருமாதி.

தோட்டத் தொழிலாளர் தலைவர் அழகுமுத்து அவளை மேடைக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போனார்.

"கோவிச்சுக்காத தங்கச்சி. பிள்ளைங்க ஓட எடம் வேணும், ஒன் பேர வைப்போம்னு மேனேஜர் தொரைகிட்ட எழுதிக் குடுத்தோம். நேத்து சாயந்தரம் எடம் குடுத்தாச்சுன்னு கம்பெனி கடுதாசி வருது, அமரர்னு போட்டு. பேனரயும் ஆபீஸ்லயே அடிச்சு அனுப்பிட்டாங்க."

"தப்புன்னு சொல்ல வேண்டியதுதானே அண்ணே?"

"தொரைகிட்டயா?" அழகுமுத்து ஆடிப்போய்விட்டார். "தொர செஞ்சது தப்புன்னு இந்தத் தோட்டத்துல யாரு சொல்லியிருக்கா?"

அதுவும் நியாயம்தான். நூற்றைம்பது வருடமாக யாரும் சொன்னதில்லை.

"சொன்னா கடுதாசிய திருப்பி வாங்கிருவாங்க. அடுத்த மாசமே இங்க தேயில நட்டுருவாங்க. பிள்ளைங்க பழையபடி ரோட்டுல லொறிக்கு நடுவுல ஓடணும். இன்னிக்கி ஒருநாள் மட்டும் செத்துரு தங்கச்சி."

ஜீவராணியும் அந்த ரோட்டில் ஓடிப் பழகியவள்தான். சரி என்றாள்.

அதற்குள் துரை ஜீப்பில் வந்து இறங்கி, "இவங்க யாரு?" என்று கேட்டுவிட்டார்.

"செத்தவங்களோட அக்கா சார். பேரு வினோதா."

அக்கா என்றால் சும்மா விடுவார்களா? விளக்கேற்றச் சொன்னார்கள். தன் படத்துக்குத் தானே பூப்போட்டாள். தனக்காகத் தானே இரண்டு நிமிடம் மௌனமாக நின்றாள். அப்புறம் மைக்கைக் கையில் கொடுத்தார்கள். "நல்ல பிள்ளைங்க அவ" என்றதும் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். விஷயம் தெரிந்த பெண்களே தேம்பித் தேம்பி அழுதார்கள்.

அத்தோடு விட்டார்களா? "பொம்பளைங்க ஓட்டத்துல அக்காவும் ஓடட்டும், ஞாபகார்த்தமா" என்றார் துரை.

"மெதுவா ஓடு," அழகுமுத்து காதோரம் கெஞ்சினார். "கடைசியா வா தாயி."

கொழுந்து பறிக்கும் பெண்கள் ஆறு பேரோடு சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நின்றாள். கடைசியாகத்தான் வரவேண்டும் என்று மாரியம்மன் மேல் சத்தியம் பண்ணிக்கொண்டாள். விசில் ஊதினார்கள். பாவி உடம்பு கேட்டால்தானே? மற்றவர்கள் முக்கால் தூரம் வருமுன்னே, அமரர் பழக்கதோஷத்தில் நெஞ்சை முன்னால் தள்ளிக் கோட்டைத் தாண்டிவிட்டார்.

அழகுமுத்து முகத்தில் ஈயாடவில்லை.

போச்சு, மைதானம் போச்சு. ஆயுசு பூரா ஜெயிக்க ஓடிவிட்டு, தோற்க வேண்டிய ஒரே நாளில் ஜெயித்துத் தொலைத்தோமே என்று ஜீவராணிக்கு அழுகை முட்டியது.

துரை நேராக அவளிடம் வந்தார். சுற்றும் முற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"மன்னிக்கணும் மிஸ். உயிரோட இருக்கிறவங்க பேருக்குக் கம்பெனி நெலம் குடுக்காது, அதான் அமரர்னு நானே எழுதினேன். தலைவருகிட்ட மட்டும் சொல்லிறாதீங்க, பாவம், எனக்கு ஒண்ணும் தெரியாதுன்னு அவரு நம்பிட்டாரு."