குதித்தால் வரும் ஏரி

ஒரு காட்டில் தண்ணீரைத் தவிர மற்றதெல்லாம் இருந்தது. சிங்கம் இருந்தது, சிங்கத்துக்குக் கொட்டாவி வந்தால்கூடக் கைதட்ட நரிகள் இருந்தன, மூலை முடுக்கெல்லாம் சிக்னல் இருந்தது. குட்டை மட்டும் வற்றி வெடித்துக் கிடந்தது. மழை வரும் என்று சிங்கம் பலமுறை அறிவித்தும் மழை வரவில்லை. மழைக்கு எவ்வளவு திமிர் பாருங்கள்.

மலைக்கு அந்தப் பக்கம் ஓர் ஏரி இருப்பதாக ஒரு பேச்சு அடிபட்டது. யாராவது போய் வழி கண்டுபிடித்து வந்தால் மொத்தக் காடும் கிளம்பிவிடலாம் என்று முடிவானது. நான் போகிறேன் என்று காட்டெருமை முன்வந்தது. அதற்குப் படம் எடுக்கத் தெரியாது என்று தள்ளிவிட்டார்கள். வழி பார்க்கப் போகிறவனுக்குப் படம் எதற்கு என்று கேட்கத் தோன்றுகிறதா? அப்படியானால் அந்தக் காட்டில் உங்களுக்குப் பிழைப்பு ஓடாது.

மோகனரூபன் என்ற குரங்கைத் தேர்ந்தெடுத்தார்கள். அவனிடம் உள்ளங்கையில் அடங்கும் போன் இருந்தது. கை ஆடினாலும் படம் ஆடாமல் பார்த்துக்கொள்ளும் குச்சி இருந்தது. நெஞ்சில் மாட்டிக்கொள்ளப் பட்டாணி அளவுக்கு ஒரு மைக் இருந்தது. எல்லாம் சேர்ந்து ஒரு கொய்யாப்பழத்தின் எடை வராது. பயணம் என்றால் இப்படி லேசாகப் போக வேண்டும் என்று சிங்கம் மெச்சியது.

லேசாகப் போகிறவனுக்கும் வயிறு இருக்கிறதே. காடே சேர்ந்து வழிக்குச் சாப்பாடு கட்டிக் கொடுத்தது. செவத்தி என்ற காட்டுப்பன்றி ஒரு பை நிறைய நிலக்கடலை கொடுத்தாள். அடிவாரத் தோட்டத்தில் நாய்களிடம் கடிபட்டுத் திருடியது, குட்டிகளுக்கென்று வைத்திருந்தது. அவளுடைய கடைக்குட்டி நாக்கு வறண்டு, எழுந்து நிற்கவும் தெம்பில்லாமல் கிடந்தது. கடலை போனால் போகட்டும், ஏரிக்கு வழி தெரிந்தால் போதும் என்று நினைத்தாள். பாவம், தாய் மனசு.

சில நாள் கழித்து மோகனரூபன் பளபளவென்று திரும்பி வந்தான். குளித்திருந்தான். அதைப் பார்த்ததும் காட்டுக்கே உயிர் வந்துவிட்டது. எல்லாரும் சுற்றி உட்கார்ந்தார்கள். அவன் போனை உயர்த்திக் காட்டினான்.

சும்மா சொல்லக்கூடாது, பிரமாதமான வீடியோ. காலை வெயிலில் மோகனரூபன். மோகனரூபனின் நடக்கும் கால்கள். தலைமுடியை மெதுவாக, மிக மெதுவாகச் சிலுப்பும் மோகனரூபன். பின்னணியில் புல்லாங்குழல். பிறகு நம் வற்றிய குட்டையின் கரையில் நின்று கையை விரித்து மேலே குதிக்கிறான். கால் தரையில் படும்போது ஏரிக்கரையில் நிற்கிறான். அதற்கப்புறமும் அவன் முகம்தான். அவன் காதுக்கும் தோளுக்கும் நடுவில் கொஞ்சம் நீலம் தெரிந்தது. முயல்கள் நிறுத்திப் பெரிதாக்கிப் பார்த்து, அதுதான் ஏரி என்று உறுதி செய்தன.

"அப்ப ஏரிக்குப் போக நடக்கவே வேண்டாம், குதிச்சா போதும்" என்றது சிங்கம்.

வேறு யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பார்கள். சொன்னது ராஜா. உடனே குட்டைக்கரையில் வரிசை போட்டார்கள். மான் குதித்தது. குட்டைக்கரையிலேயே விழுந்தது. முயல் குதித்தது. ஆமையைக்கூட நாலு பேர் தூக்கிப் போட்டுப் பார்த்தார்கள். கையை இன்னும் நன்றாக விரிக்க வேண்டும் என்று நரிகள் கரையில் நின்று திருத்தம் சொல்லின. சிங்கம் மட்டும் குதிக்கவில்லை. மேற்பார்வைக்கு ஆள் வேண்டாமா?

செவத்தியும் தன் பங்குக்குக் குதித்துப் பார்த்தாள். முட்டிதான் பெயர்ந்தது. பிறகு மோகனரூபனைத் தனியே கூப்பிட்டு, ஏரிக்கு எந்தப் பக்கமாகப் போனாய் என்று கேட்டாள்.

"அந்த நடையெல்லாம் வெட்டிட்டேன்க்கா. ரொம்ப போர். யாரும் பார்க்க மாட்டாங்க."

"வெட்டினா என்ன தம்பி, நீ நடந்த வழிதானே? வாயால சொல்லு."

"நான் போனைப் பார்த்துக்கிட்டே நடந்தேன். வழியை யார் பார்த்தா?"

பிறகு எப்படித் திரும்பி வந்தாய் என்று கேட்டதற்கு, சிக்னல் ஏறுகிற பக்கமாக நடந்தேன், வீடு வந்துவிட்டது என்றான். குதித்தால் ஏரி வராது என்பதையாவது மற்றவர்களிடம் சொல்லக்கூடாதா என்று கெஞ்சினாள். அது எடிட்டிங் ரகசியம், வெளியே சொன்னால் தன் மதிப்பு போய்விடும் என்றான். செவத்திக்கு வயிறு எரிந்தது. வாயில் வந்த வார்த்தையை நான் இங்கே எழுதவில்லை, இது நீதிக்கதை.

மறுநாள் காலை குட்டிகளைக் கூட்டிக்கொண்டு அவள் பாட்டுக்குக் கிளம்பினாள். எங்கே என்று அவளுக்கே தெரியாது. காட்டின் எல்லையில் ஓர் அத்திமரத்தடியில் ஏதோ வாசனை அடித்தது. மூக்கை வைத்துப் பார்த்தாள். கடலைத்தோல். அவளுடைய கடலை, அவளுடைய மூக்கு, தப்புமா? இன்னும் கொஞ்சம் தள்ளி இன்னொரு குவியல். மோகனரூபன் வழிநெடுகத் தின்று தோலைத் துப்பிக்கொண்டே போயிருக்கிறான். வாழைப்பழத்தோல், சப்பிப் போட்ட மாங்கொட்டை, மறுபடியும் கடலைத்தோல். கடைக்குட்டியை மூக்கால் தள்ளித் தள்ளி, குப்பையைப் பிடித்துக்கொண்டே மலை ஏறி இறங்கினாள். கடைசித் தோல் ஏரித் தண்ணீரில் மிதந்துகொண்டிருந்தது.

கடைக்குட்டி முகத்தை உள்ளே விட்டுக் குடித்த குடியைப் பார்த்து செவத்தி அழுதுவிட்டாள். படம் எடுக்கவில்லை. அவளிடம் போனும் இல்லை.

குட்டிகளை நாணலுக்குள் படுக்க வைத்துவிட்டு, மற்றவர்களைக் கூப்பிட வேண்டுமே என்று திரும்பி ஓடி வந்தாள். பெரிய தப்பு. அங்கே இன்னும் குதித்துக்கொண்டிருந்தார்கள். வழி தெரிந்துவிட்டது, என் பின்னால் வாருங்கள் என்றாள்.

"போட்டோ எங்கே?" என்று கேட்டது சிங்கம்.

அவள் திரும்பி, உடம்பெல்லாம் அப்பியிருந்த ஈரச் சேற்றைக் காட்டினாள். அது ஃபில்டராக இருக்கும் என்றன நரிகள். குப்பையைப் பிடித்துக்கொண்டு போனேன் என்று அவள் விளக்கியதும் காட்டுக்கே அசிங்கமாகப் போய்விட்டது. ராஜாவின் காடு குப்பைக்குப் பின்னால் போவதாவது. ஒரு மான்குட்டி மட்டும் பக்கத்தில் வந்து அவள் விலாவில் இருந்த சேற்றை நக்கிப் பார்த்தது. மறுபடியும் நக்கியது. பிறகு தன் அம்மாவைத் திரும்பிப் பார்த்தது. அந்த இரண்டு பேரும் செவத்தியோடு போனார்கள். நக்கிப் பார்ப்பதெல்லாம் ஆதாரமாகாது என்று சிங்கம் பின்னாலிருந்து சொன்னது.

மற்றவர்கள் குதித்தார்கள். நாளாக ஆக, வரிசை குறைந்தது. மீதி வரிசையை மோகனரூபன் வீடியோ எடுத்துப் போட்டான். அவன் வாழ்நாளிலேயே அதிகம் பேர் பார்த்தது அதுதான். ஏரியிலிருந்து செவத்தி பார்க்கவில்லை. அங்கே சிக்னல் இல்லை.

நீதி (பரீட்சைக்கு வராது): ஊர் சுற்றப் போனால் தின்றதன் குப்பையை வழியெல்லாம் போட்டுக்கொண்டே போங்கள். உங்கள் பயணத்தில் அடுத்தவருக்கு உதவப்போவது அது ஒன்றுதான்.