முடிச்சு வகுப்பில் நாலு கலாட்டா

குழாயை முழுசாகத் திறந்துவிட்ட பிறகுதான் மெஹபூப் பாஷா பேசிப் பார்த்தார். தண்ணீர்ச் சத்தத்தில் தன் குரல் வெளியே கேட்காது என்று நம்பினார்.

"அன்பான நண்பர்களே, இன்று நாம்..."

நாம் என்ன செய்யப் போகிறோம் என்பது மறந்துவிட்டது. குளியலறைக் கண்ணாடியில் வெளிறிப்போய் நின்ற ஆளும் எடுத்துக் கொடுக்கவில்லை.

கதவு தடதடத்தது.

"பாய்! உள்ள யாராண்ட பேசிக்கினு கீற? டேங்க்ல தண்ணி தீந்துடும், வெளிய வா!"

அவரோடு முகாமுக்கு வந்திருந்த, சாந்தோம் பக்கத்துப் பள்ளி ஒன்றில் விளையாட்டு ஆசிரியராக இருக்கும் லாய்டின் குரல் அது. பாஷா குழாயை மூடிவிட்டு வெளியே வந்தார். கையிலிருந்த கயிறு நனைந்திருந்தது.

தி.நகரில் மெத்தைக் கடை வைத்திருப்பவர் பாஷா. கடையில் வாய் ஓயாது. ஞாயிற்றுக்கிழமைகளில் காக்கிச் சட்டை போட்டு, சாரணர் இயக்கப் பிள்ளைகளுக்கு முடிச்சும் முதலுதவியும் சொல்லித் தரும்போதும் ஓயாது. பெரியவர்கள் வரிசையாக உட்கார்ந்து தன்னையே பார்த்தால் மட்டும் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும்.

அடையாற்றில் ஒரு பள்ளிக்கூடத்தில் நடந்த அந்த முகாமில் எல்லாருமே பெரியவர்கள். பிள்ளைகளுக்குச் சொல்லித் தருகிறவர்களை, மற்ற ஆசிரியர்களுக்கே சொல்லித் தரும் பயிற்றுநர்களாக ஆக்குகிற முகாம் அது. ஒவ்வொருவரும் மற்றவர்கள் முன்னால் ஒரு வகுப்பு எடுத்துக் காட்ட வேண்டும். தேறுவதும் தேறாததும் அந்த ஒரு வகுப்பில்தான். போன வருடம் பாஷா எழுந்து நின்றார், தன் பெயரைச் சொன்னார், உட்கார்ந்துவிட்டார். இதுதான் கடைசி வாய்ப்பு என்று சொல்லித்தான் இந்த முறை சேர்த்துக்கொண்டார்கள்.

தனக்காக என்றால் அவர் இந்தப் பக்கமே வந்திருக்க மாட்டார். அவர் ஞாயிறுதோறும் சொல்லித் தரும் ஆதம்பாக்கத்துப் பள்ளி ஒன்றில் சாரணர் படையை நடத்தி வந்த ஆசிரியர் மாற்றலாகிப் போய்விட்டார். அவர் இடத்தில் இரண்டு ஆசிரியைகள் வரத் தயார். ஆனால் அவர்களுக்குப் பயிற்சி கொடுக்க அந்தப் பக்கத்தில் பயிற்றுநர் யாரும் இல்லை. ஜூனுக்குள் ஒருவர் கிடைக்காவிட்டால் படையைக் கலைத்துவிடுவார்கள். "கவலைப்படாதீங்க, நான் இருக்கேன்" என்று பிள்ளைகளிடம் சொல்லிவிட்டார் பாஷா. பிள்ளைகள் கைதட்டின. அந்தக் கைதட்டல் அன்றிலிருந்து அவர் காதை விட்டுப் போகவில்லை.

"டீ குடி பாய்," என்றான் லாய்ட். "மூஞ்சே சரியில்ல."

"லாய்டு, என் க்ளாஸ்ல யாரை ஏவி விடுவாருப்பா?"

"யாரு, சண்முகசுந்தரம் சாரா? அது அவருக்கும் ஆண்டவருக்கும்தான் தெரியும்."

முகாம் தலைவர் சண்முகசுந்தரம் சிரித்து யாரும் பார்த்ததில்லை. அவரிடம் ஒரு வழக்கம் உண்டு. வகுப்பு எடுப்பவருக்குத் தெரியாமல் ஓரிருவரைத் தனியே அழைத்து, "நீங்க தூங்குங்க", "நீங்க குறுக்குக் கேள்வி கேளுங்க" என்று காதில் சொல்லி அனுப்புவார். நிஜ வகுப்பில் அப்படியும் ஆட்கள் இருப்பார்கள் அல்லவா, பயிற்றுநர் எப்படிச் சமாளிக்கிறார் என்று பார்ப்பதற்காக. முகாமில் அவர்களுக்குக் கலாட்டா ஆட்கள் என்று பெயர்.

முந்தின நாள் ஃப்ளோரன்ஸ் டீச்சரின் வகுப்பில் பாஷாவே கலாட்டா ஆள். பக்கத்தில் இருப்பவரோடு ஓயாமல் பேச வேண்டும் என்பது உத்தரவு. அவரோ எழுந்து நின்று, "டீச்சர், நான் இப்ப கொஞ்சம் தொந்தரவு பண்ணட்டுங்களா?" என்று அனுமதி கேட்டுவிட்டார். முகாமே சிரித்தது. ஃப்ளோரன்ஸ் டீச்சர் மட்டும், "தாராளமா பண்ணுங்க பாஷா" என்றார்.

வகுப்புக்கான விசில் ஒலித்தது.

பாஷா கூடத்தின் முன்னால் போய் நின்றார். கடைசி வரிசையில் சண்முகசுந்தரம் கைகளைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். யா அல்லாஹ், அந்தப் பிள்ளைகளுக்காகவாவது என் நாக்கை அவிழ்த்துவிடு என்று மனதுக்குள் கேட்டுக்கொண்டார் பாஷா. கை நடுங்கியதில் கயிற்றின் நுனி தரையில் கோலம் போட்டது.

"அன்பான... நண்பர்களே. இன்னிக்கு... கிணத்துல விழுந்த ஆளைத் தூக்கறதுக்கு... இடுப்புல போடற முடிச்சு."

அவ்வளவுதான் வந்தது. அடுத்த வாக்கியம் வருவதற்குள் முன் வரிசையில் குறட்டைச் சத்தம் கேட்டது.

மயிலாப்பூர் சுந்தரராமன். ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி. தலை பின்னால் சாய்ந்து, வாய் திறந்து, சங்கு ஊதுவது போல் குறட்டை.

ஒன்றாவது ஆள் என்று நினைத்தார் பாஷா. தூங்குகிறவரை அவமானப்படுத்தக்கூடாது, வேலை கொடுத்து வகுப்புக்குள் இழுக்க வேண்டும் என்று படித்தது நினைவு வந்தது. பக்கத்தில் போய்க் குனிந்து, "சார், இந்த முனையைக் கொஞ்சம் புடிச்சுக்கிறீங்களா?" என்றார்.

சுந்தரராமன் கண்ணைத் திறக்காமலே கயிற்றை வாங்கி, மணிக்கட்டில் இரண்டு சுற்று சுற்றிக்கொண்டு, மறுபடி குறட்டை விட்டார்.

கயிற்றின் ஒரு முனை போயிற்று. மிச்சமிருந்த முனையைத் தூக்கிக் காட்டினார் பாஷா.

"இத வலது கையில புடிச்சு..."

ஃப்ளோரன்ஸ் டீச்சர் கையை உயர்த்தினார். "பாஷா, எனக்கு வலது எது, இடது எதுன்னே தெரியலையே."

காலமெல்லாம் கணக்கு சொல்லிக்கொடுத்த டீச்சர் அவர். இரண்டாவது ஆள்!

"பரவால்லீங்க டீச்சர். எனக்கும் இப்ப தெரியல," என்றார் பாஷா. உண்மையைத்தான் சொன்னார். "முன்னாடி வாங்க. உங்க இடுப்புலயே போட்டுக் காட்டறேன்."

டீச்சர் வந்தார். பாஷா கயிற்றை அவர் இடுப்பைச் சுற்றிக் கொண்டுவந்தார். "பாம்பு புத்துலேருந்து வெளிய வருது... மரத்தைச் சுத்துது... திரும்பப் புத்துக்குள்ளயே போவுது..." பாம்பு ஒழுங்காகத்தான் போயிற்று. ஆனால் பதற்றத்தில், டீச்சரின் இடுப்போடு தன் இடது கையையும் சேர்த்துக் கட்டிவிட்டிருந்தார்.

அவிழ்க்கப் பார்த்தார். கயிறு தளர்ந்தால்தான் அந்த முடிச்சு அவிழும். சுந்தரராமனோ தூக்கத்தில் தன் முனையை விறைப்பாகப் பிடித்திருந்தார்.

"டீச்சர், ஒரு அடி அந்தப் பக்கம் நகருங்க."

"எந்தப் பக்கம் பாஷா? எனக்குத்தான் தெரியாதே," என்று எதிர்ப்பக்கம் நகர்ந்தார் டீச்சர். கயிறு இன்னும் விறைத்தது.

அந்த நேரத்தில் குத்துப்பாட்டு ஒன்று கூடத்தையே அதிர வைத்தது. லாய்டின் போன்.

"இன்னாது? கேஸ் வாசன வருதா?" லாய்ட் எழுந்து நின்று கத்தினான். "ஜன்னலத் தொற! சுச்சுல கை வெக்காத!"

எல்லாத் தலைகளும் அவன் பக்கம் திரும்பின. மூன்றாவது ஆள் என்று பாஷாவுக்குத் தெரிந்தது. நடிப்பாகத்தான் இருக்கும். ஆனாலும் கேஸ் ஆயிற்றே! ஒருவேளை நிஜமாக இருந்தால்?

"லாய்டு, நீ கெளம்புப்பா! என் வண்டிய எடுத்துக்கோ. சாவி இந்த... இந்த இடது பாக்கெட்ல..."

இடது கை டீச்சரிடம் இருந்தது. வலது கை இடது பாக்கெட்டுக்கு எட்டவில்லை. பாஷா சுற்ற, டீச்சரும் சேர்ந்து சுற்ற, கயிறு இருவரையும் இன்னொரு சுற்று சுற்றியது.

லாய்டின் முகம் என்னவோ போல் ஆயிற்று. "பர்வால்ல பாய். பக்கத்து வூட்டுக்காரன் பாத்துக்குறானாம். நீ நடத்து."

"எப்படிப்பா நடத்தறது? எல்லாரும் ஒரு நிமிஷம் லாய்டு வீட்டுக்காக வேண்டிக்குவோம்."

அவரவர் வழக்கப்படி வேண்டிக்கொண்டார்கள். சிலர் சிலுவை போட்டார்கள். பாஷா கட்டப்படாத கையை மட்டும் ஏந்தினார். தூங்கிக்கொண்டிருந்த சுந்தரராமனும் கைகூப்பினார். அதில் கயிறு சுண்டி இழுபட, பாஷாவும் டீச்சரும் ஓரடி முன்னால் தள்ளாடினார்கள்.

கடைசி வரிசையைப் பார்க்கப் பாஷாவுக்குத் தைரியம் வரவில்லை. ஆனாலும் பார்த்தார். சண்முகசுந்தரம் அசையவில்லை. மீசைகூட அசையவில்லை. முடிந்தது, ஆதம்பாக்கத்துப் பிள்ளைகளுக்கு என்ன பதில் சொல்வேன் என்று நினைத்தார் பாஷா.

அப்போது பின்னால் நாற்காலி சரிந்தது. திருவான்மியூர் ஆஸ்பத்திரி ஒன்றில் நர்ஸாக இருக்கும் ஜொவிட்டா, முகாம் முழுக்க யாரோடும் அதிகம் பேசாதவர், தரையில் கிடந்தார்.

நாலாவது ஆளா? நடிப்பா? பாஷா ஒரு கணம் தயங்கினார். நடிப்பென்று நினைத்து விட்டுவிட்டு, நிஜமாக இருந்துவிட்டால்? அதற்குப் பிறகு சாரணர் உடை எதற்கு? நடிப்பாக இருந்தால் தான் ஏமாந்ததாக இருக்கட்டும்.

"தள்ளுங்க! காத்து வரட்டும்! அந்த ஃபேனைப் போடுங்க!"

ஓடினார். கட்டப்பட்டிருந்த ஃப்ளோரன்ஸ் டீச்சரும் கூடவே ஓடினார். கயிறு இழுத்த இழுப்பில் சுந்தரராமன் நாற்காலியோடு நாலடி வழுக்கி வந்து, "ஐயோ, என்னத்துக்குய்யா இழுக்கறேள்!" என்று எழுந்து அவர்கள் பின்னால் வந்தார். மூவரும் ஒரு கயிற்றில் கோத்தபடி ஜொவிட்டாவின் பக்கத்தில் போய் விழுந்தார்கள்.

கழுத்து ஸ்கார்ஃபைக் கழற்றி விசிறினார் பாஷா. அப்போதுதான் அவருக்கு இன்னொரு பயம் வந்தது.

"டீச்சர்! இவ்ளோ தூரம் இழுத்துட்டு வந்துட்டேனே, இடுப்புல கயிறு இறுக்கிடுச்சா? வலிக்குதா?"

டீச்சர் குனிந்து பார்த்தார். "இல்லையே பாஷா. கொஞ்சம்கூட இறுக்கலையே!"

பாஷாவின் கை நின்றது. "அதாங்க டீச்சர்! அதான் இந்த முடிச்சு! எவ்ளோ இழுத்தாலும் இறுகாது. அதனாலதான் கிணத்துல விழுந்தவனை இதுல தூக்கினா மூச்சு முட்டாது. எல்லாரும் வந்து தொட்டுப் பாருங்க. பாம்பு எங்க போச்சுன்னு பாருங்க. சுந்தரராமன் சார், இப்ப கொஞ்சம் தளர்த்துங்க. பாத்தீங்களா, எப்படி ஈஸியா அவுந்துச்சு!"

எல்லாரும் சுற்றி உட்கார்ந்தார்கள். ஜொவிட்டாவும் மெதுவாக எழுந்து உட்கார்ந்து எட்டிப் பார்த்தார். ஒரு கையால் அவருக்கு விசிறிக்கொண்டே, மறு கையால் கயிற்றைக் காட்டிக்கொண்டே, பாஷா பேசினார். மெத்தைக் கடையில் பேசுவது போல் பேசினார். எதிரில் இருப்பவர்கள் பெரியவர்கள் என்பதே அவருக்கு மறந்துபோயிருந்தது.

வகுப்பு முடிந்த விசில் ஒலித்ததும் அது நினைவு வந்தது. சண்முகசுந்தரம் எழுந்து வந்து எதிரில் நின்றார்.

"பாஷா, நாலு பேர் உங்க வகுப்பைக் கெடுத்தாங்க. ஒருத்தரையும் நீங்க முகம் சுளிச்சுப் பார்க்கல. முடிச்சும் எல்லாருக்கும் புரிஞ்சுபோச்சு. தேறிட்டீங்க. ஆதம்பாக்கத்துக்குத் தகவல் சொல்லிடுங்க."

பாஷாவுக்குக் கண் கலங்கியது. "முகம் சுளிக்க என்ன சார் இருக்கு? பாவம், நீங்க சொல்லித்தானே அவங்க பண்ணாங்க."

"நான் யார்கிட்டயும் எதுவும் சொல்லலையே! காலையில உங்க மூஞ்சியைப் பார்த்தேன். உங்களுக்குக் கலாட்டா ஆளே வேணாம்னு விட்டுட்டேன்."

பாஷா நாலு பேரையும் திரும்பிப் பார்த்தார்.

அப்படியானால் எல்லாமே நிஜம்! சுந்தரராமன் சாருக்கு உடம்புக்கு ஏதோ ஆகியிருக்கிறது. டீச்சருக்கு மறதி நோய். லாய்ட் வீட்டில் கேஸ். ஜொவிட்டாவுக்கு மயக்கம். இத்தனை பேர் கஷ்டத்தையும் நடிப்பென்று நினைத்துவிட்டோமே!

"யாராவது ரெண்டு ஆட்டோ கூப்பிடுங்க!" என்று வாசலை நோக்கி ஓடினார். "ஜொவிட்டாம்மா, நீங்க டீச்சரைக் கூட்டிக்கிட்டு மொதல்ல ஏறுங்க! லாய்டு, ஃபயர் சர்வீஸுக்கு போன் போடு!"

ஜொவிட்டா அவர் சட்டைக் கையைப் பிடித்து நிறுத்தினார். மற்ற மூவரும் ஒருவரையொருவர் திருதிருவென்று பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"ஆட்டோல்லாம் வேணாம்ண்ணே, யாருக்கும் ஒண்ணும் இல்ல. உங்க கை அப்படி நடுங்குச்சே, எல்லாரும் உங்களையே பாக்காம கொஞ்ச நேரம் என்னையப் பாக்கட்டுமேன்னுதான் நான் விழுந்தேன். இவங்க மூணு பேரும் அதுக்குத்தான் பண்ணாங்கன்னு இப்பதான் எனக்கே தெரியுது."