கிழமேல் உணவகத்தில் ஆறாவது துண்டு

ஒரு காட்டில் நடந்தது இது. ஒரு எழுத்துகூடப் பொய்யில்லை. கற்பூரம் அணைத்துச் சத்தியம் பண்ணச் சொன்னாலும் பண்ணுவேன், கற்பூரத்தை நீங்கள் வாங்கி வந்தால். கரடி எங்கேயாவது பேசுமா என்று ஆரம்பத்திலேயே குறுக்கே விழுகிறவர்கள் இப்போதே எழுந்து போய்விடலாம். பேசாத கரடிகளைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது.

அந்தக் காட்டில் கரியமுத்து என்று ஒரு கரடி இருந்தார். நல்ல குடும்பம். சொந்தக் குகை. ஒரு கெட்ட பழக்கம் கிடையாது. ஒரே ஒரு குறை, பசித்தால் சாப்பிட்டுவிடுவார்.

இதில் என்ன குறை என்பீர்கள். சொல்கிறேன். அவர் மகள் தேனரசிக்கு முதலில் ஒரு வரன் வந்தது. மாப்பிள்ளை வீட்டார் ஒரு தேனடையை முன்னால் வைத்து, "எடுத்துக்குங்க" என்றார்கள். அந்தக் காட்டு வழக்கப்படி "எடுத்துக்குங்க" என்றால் "ஐயோ, வேண்டாம்" என்று சொல்ல வேண்டும். மறுபடி சொல்வார்கள், மறுபடி மறுக்க வேண்டும். அவர்கள் கோபித்துக்கொள்கிற கட்டம் வந்ததும், உங்களுக்காகத்தான் என்று ஒரு விரலால் தொட்டு நக்க வேண்டும். கரியமுத்து எடுத்துக்கொண்டார். தேனடையின் மெழுகுகூட மிச்சமில்லை. "பொண்ணைக் கட்டலாம், இந்தச் சம்பந்தியைக் கட்டித் தீனி போட முடியாது" என்று அவர்கள் ஒதுங்கிக்கொண்டார்கள். சேதி மலை முழுக்கப் பரவி, பிறகு எந்த வரனும் எட்டிப் பார்க்கவில்லை.

இப்படி இருக்கையில்தான் தேனரசிக்கும் மகிழன் என்கிற கரடிப் பையனுக்கும் தேன்பாறையில் ஒருவரையொருவர் பார்த்துப் பிடித்துப்போய்விட்டது. பையனின் அப்பா மதுரநாயகம் லேசுப்பட்டவர் இல்லை. பிரான்ஸிலோ பெல்ஜியத்திலோ சர்க்கஸில் சைக்கிள் ஓட்டிவிட்டு ஊர் திரும்பியவர். குளிக்கும்போதுகூடக் கழுத்தில் போ டை. மனைவி இன்னும் அங்கே கயிற்றின் மேல் நடந்துகொண்டிருந்தாள், இறங்க லீவு கிடைக்கவில்லை. வீட்டில் வைத்துப் பேசுவதெல்லாம் பழைய பாணி, எல்லாரும் 'கிழமேல்' உணவகத்துக்கு வந்துவிடுங்கள் என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

கிழக்கையும் மேற்கையும் ஒட்டிப் பெயர் வைத்த 'கிழமேல்' புதிதாக வந்த இடம். ஆசியச் சமையலையும் ஐரோப்பியச் சமையலையும் கட்டிப்பிடிக்க வைத்த இடம் என்று பேச்சு. நடத்துகிறவர் ஒரு மரநாய். முன்பதிவு செய்யும்போதே முழுப் பணத்தையும் வாங்கிப் போட்டுக்கொள்வார். பத்துத் தட்டு வரும், தனித்தனியாகக் கிடையாது, மேசைக்கு நடுவில் ஒரே தட்டு, எல்லாரும் பகிர்ந்து சாப்பிட வேண்டும்.

கரியமுத்துவின் மனைவி அங்கம்மாள் கிளம்பும்போதே சொல்லிவிட்டாள்.

"ஏங்க, ஒரே ஒரு வாய். அதுக்கப்புறம் 'போதும்'. கையைத் தட்டுக்கு மேல இப்படி மறைச்சு வச்சுக்கணும். நீங்க ரெண்டாவது துண்டுக்குக் கையை நீட்டினீங்கன்னா, இவ காலம்பூரா நம்ம குகையிலேயே உக்காந்திருக்க வேண்டியதுதான்."

"சரிம்மா."

"சத்தியமா?"

"பசி மேல சத்தியம்" என்றார் கரியமுத்து. அதைவிடப் பெரிய சத்தியம் அவரிடம் இல்லை.

பெரிய விருந்துக்குப் போகிறோமே, வயிற்றில் இடம் வேண்டாமா என்று மூன்று பேரும் அன்று காலையிலிருந்தே ஒன்றும் சாப்பிடவில்லை. மாப்பிள்ளை வீட்டிலும் அப்படித்தான் என்பது பிறகு தெரிந்தது. விருந்துக்குப் போகிற அன்று பட்டினி கிடப்பதில் எல்லா வீடும் ஒன்று.

வாசலில் ஒரு கொக்கு ஒற்றைக் காலில் நின்றுகொண்டு, கையில் ஒரு டேப்லெட்டை வைத்துத் தட்டிக்கொண்டிருந்தது.

"உங்களுக்கு எது ஒத்துக்கொள்ளாது, சார்?" என்று கேட்டது.

"பசி" என்றார் கரியமுத்து.

அங்கம்மாள் அவர் காலை மிதித்தாள். கொக்கு அதையும் பதிந்துகொண்டது.

உள்ளே இருட்டு. சாப்பாடு தெரியக் கூடாது என்கிற அளவுக்கு வெளிச்சம் வைத்திருந்தார்கள். ஐந்து பேரும் ஒரு கவிழ்த்த பானை அகலத்துக்கு இருந்த மேசையைச் சுற்றி உட்கார்ந்தார்கள். ஆளுக்கு ஒரு முள்கரண்டியும் ஒரே ஒரு சாப்ஸ்டிக் குச்சியும் வைத்தார்கள். இரண்டு கண்டமும் சேர்ந்தால் அப்படித்தானாம். கரியமுத்து தன் நகங்களைப் பார்த்தார். ஒவ்வொன்றும் அந்தக் குச்சியைவிட நீளமாக, கூர்மையாக, நன்றாகத்தான் இருந்தது. மேசைக்கு அடியில் ஒளித்துக்கொண்டார்.

அவருக்கு இன்னொன்றும் தோன்றியது. கரடி மூக்கு லேசான மூக்கில்லை, மூன்று மலை தாண்டிப் பழுத்த பலாவைச் சொல்லிவிடும். அடுக்களையிலிருந்து பத்துத் தட்டின் வாசம் வர வேண்டுமே. ஒரே ஒரு வாசம்தான் வந்தது, அதுவும் பழகிய வாசம். நம் மூக்கு நாட்டுப்புற மூக்கு, உயர்ந்த வாசமெல்லாம் இதற்கு எட்டாது போல என்று சமாதானம் பண்ணிக்கொண்டார்.

முதல் தட்டு வந்தது. தாம்பாளம் பெரிது. அதன் நடுவே ஆறு துண்டு.

"புற்றுக் கரையான் மோமோ" என்றது கொக்கு. "ஜப்பான் முறையில் மடித்து, பிரான்ஸ் முறையில் வெண்ணெயில் புரட்டி, மேலே பாலாடைக்கட்டி நுரை. இந்த மண்வாசம் சமையற்காரரின் குழந்தைப்பருவ நினைவு."

கரியமுத்து தன் துண்டை வாயில் போட்டார். அது போன இடம் தெரியவில்லை. எல்லாரும் ஆளுக்கொன்று எடுத்தார்கள். தட்டில் ஒன்று மிஞ்சியது.

"நீங்க எடுத்துக்குங்க" என்றார் மதுரநாயகம்.

கரியமுத்து கையைத் தட்டின் மேல் மறைத்தார். "போதும் போதும். வயிறு நிறைஞ்சிருச்சு."

"இல்லல்ல, நீங்கதான்."

"ஐயோ, நீங்க எடுங்க. தம்பி சாப்பிடட்டும்."

"எனக்கு வேணாம் மாமா, ஃபுல்" என்றான் மகிழன். அவன் வயிறு அந்த நேரம் பார்த்துத் தவளை மாதிரிக் கத்தியது. எல்லாரும் வெளியே மழை வருகிறதோ என்று பார்ப்பதுபோல் கூரையைப் பார்த்தார்கள்.

துண்டு அங்கம்மாள் பக்கம் தள்ளப்பட்டது. அவள் தேனரசி பக்கம் தள்ளினாள். தேனரசி வெட்கப்பட்டு மாமனார் பக்கம் தள்ளினாள். அது மேசையைச் சுற்றிச் சுற்றி வந்ததில் நுரையெல்லாம் கரைந்து மோமோ மட்டும் மொட்டையாக நின்றது.

"அடுத்த தட்டைக் கொண்டாருங்க" என்றாள் அங்கம்மாள் கொக்கிடம், ரொம்ப நாசூக்காக.

"தட்டு காலியானால்தான் அடுத்த தட்டு வரும், மேடம். சமையற்காரரின் கொள்கை."

அப்போதுதான் கரியமுத்து சுற்றிலும் பார்த்தார். பக்கத்து மேசையில் ஒரு யானைக் குடும்பம், அவர்கள் நடுவிலும் ஒரு துண்டு. அதற்கப்பால் மான் தம்பதி, நடுவில் ஒரு துண்டு. ஜன்னலோரம் தோழிகளோடு வந்த மயில் ஒன்று, மிஞ்சிய துண்டைச் செல்போனில் படம் எடுத்துக்கொண்டிருந்தது. "அசையாம இருக்கு, வசதி" என்றது. கடை முழுக்க எந்த மேசையிலும் இரண்டாம் தட்டைக் கண்ட ஆள் இல்லை. தலைக்கு ஒன்று, மேலே ஒன்று என்று எண்ணித்தான் மரநாய் அனுப்பிக்கொண்டிருந்தார். இந்தக் காட்டு ஜனங்களின் மரியாதையை அவர் நன்றாகப் படித்திருந்தார். பத்துத் தட்டுக்குப் பணம், ஒரு தட்டுக்குச் சமையல்.

நேரம் போகப் போகப் பசி பேச ஆரம்பித்தது.

"உங்க பக்கத்துல எல்லாருக்கும் முடி இவ்வளவு அடர்த்தியா?" என்றார் மதுரநாயகம்.

"கரடிங்க" என்றாள் அங்கம்மாள்.

"கல்யாணத்தை ஆத்துக்கு அந்தப் பக்கம் வச்சுக்கலாம். இந்தப் பக்கம் வந்தா எனக்குத் தும்மல் வரும்."

"நாங்க இந்தப் பக்கத்துலதான் பொறந்தோம். இதுவரைக்கும் யாரும் தும்மிச் செத்ததில்ல."

"அப்பா" என்றாள் தேனரசி மெல்ல. அவள் கண்ணில் தண்ணீர் நின்றது. அழுகையா பசியா என்று அவளுக்கே தெரிந்திருக்காது.

கரியமுத்து கணக்குப் போட்டார். துண்டைத் தின்றால், பேராசைக்காரன் என்று சம்பந்தம் முறியும். தின்னாவிட்டால், இவர்கள் பசியில் இப்படியே பேசிப் பேசி இன்னும் கொஞ்ச நேரத்தில் முறியும். இரண்டிலும் முறியப்போகிறது. ஒன்றில் மட்டும் வயிற்றுக்குள் ஏதோ போகும்.

கையை நீட்டினார். அங்கம்மாள் மேசைக்கடியில் அவர் காலை மிதித்தாள், நசுக்கினாள், கடைசியில் ஏறியே நின்றாள். கரியமுத்து நகத்தால் குத்தி எடுத்து ஆறாவது துண்டை வாயில் போட்டார்.

மான் கையிலிருந்த முள்கரண்டி கீழே விழுந்தது.

"பாருங்க" என்றார் மதுரநாயகம், போ டையை இறுக்கிக்கொண்டு. "கேள்விப்பட்டது சரியாத்தான் இருக்கு."

தேனரசி முகத்தைக் கைகளால் மூடிக்கொண்டாள். அந்த நேரத்தில் பக்கத்து மேசை யானையம்மா தும்பிக்கையால் கரியமுத்துவின் தோளைத் தட்டினாள்.

"என்ன வெக்கங்கெட்ட மனுசனய்யா நீங்க" என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "இப்படிக் கொஞ்சம் எங்க மேசைக்கும் வந்துட்டுப் போறீங்களா?"

போனார். தின்றார். யானைகள் ஒன்றுகூடி அவரைத் திட்டின. மான் தம்பதி கூப்பிட்டார்கள், அங்கே தின்று அங்கேயும் திட்டு வாங்கினார். மயில், அவர் வாயைத் திறக்கிற படத்தை எடுத்து 'இப்படியும் சில ஜென்மங்கள்' என்று போட்டுவிட்டு, தன் தட்டையும் அவர் பக்கம் நகர்த்தியது. எல்லா மேசையையும் முடித்துவிட்டுத் திரும்பி வந்து உட்கார்ந்தபோது கரியமுத்துவுக்கு லேசாக ஏப்பம் வந்தது. அந்தக் கடையில் அதுதான் முதல் ஏப்பம்.

இப்போது எல்லா மேசையிலும் தட்டு காலி. எல்லாரும் அடுக்களைக் கதவைப் பார்த்தார்கள். கொக்கு இரண்டு காலையும் கீழே ஊன்றிவிட்டது. அது அப்படி நின்று யாரும் பார்த்ததில்லை.

உள்ளே சிறிது நேரம் பாத்திரங்கள் உருண்டன. பிறகு மரநாயே நேரில் வந்தார். ஒவ்வொரு மேசையிலும் மூடி போட்ட ஒரு தாம்பாளத்தை வைத்துவிட்டு, எல்லா மூடியையும் ஒரே நேரத்தில் திறக்கச் சொன்னார்.

ஒன்றுமில்லை. துடைத்த தட்டு.

"இதன் பெயர் 'இன்மை'" என்றார் மரநாய், கண்களை மூடிக்கொண்டு. "கிழக்கே அது தியானம். மேற்கே அது டயட். இரண்டையும் முதன்முதலாக ஒரே தட்டில் சேர்த்திருக்கிறேன்."

எல்லாரும் மதுரநாயகத்தைப் பார்த்தார்கள். வெளிநாடு போய்வந்தவர் அவர் ஒருவர்தானே. அவர் முள்கரண்டியைத் தட்டில் ஊன்றி, காற்றைக் குத்தி எடுத்து, வாயில் வைத்து, வெகுநேரம் மென்றார்.

"கடைசியில லேசா ஒரு புகை வாசம் வருது" என்றார்.

அவ்வளவுதான். கைதட்டல். ஆளாளுக்குத் தட்டில் பாய்ந்தார்கள். "எனக்கும் புகை வருது", "எனக்கு எலுமிச்சை." இந்த முறை யாரும் 'போதும்' என்று சொல்லவில்லை. எவ்வளவு எடுத்தாலும் குறையாத தட்டில் மரியாதைக்கு என்ன வேலை. மூன்றாம் தட்டு, நான்காம் தட்டு என்று பத்தும் மளமளவென்று வந்து போயின. ஏழாவதில் உப்பு கொஞ்சம் தூக்கல் என்று மான் குறைபட்டது. மரநாய் மன்னிப்புக் கேட்டார்.

கை கழுவுகிற இடத்தில் மதுரநாயகம் கரியமுத்துவை ஓரமாக இழுத்தார். கரியமுத்து திட்டு வாங்கத் தலையைக் குனிந்துகொண்டார்.

"எங்க சொந்தத்துல வருசத்துக்கு ஏகப்பட்ட விருந்து நடக்குது" என்றார் மதுரநாயகம் கிசுகிசுப்பாக. "ஒண்ணுலகூட முதல் பந்தி எழுந்திரிச்சதில்ல. மிஞ்சினதை எடுக்க ஆளில்லாம அப்படியே உக்காந்திருப்போம். நீங்க வந்துருங்க. நாங்க எல்லாரும் உங்களைத் திட்டுவோம். அதுல உங்களுக்கு வருத்தம் இல்லையே, சம்பந்தி?"

'சம்பந்தி' என்ற கடைசி வார்த்தை மட்டும்தான் கரியமுத்துவின் காதில் விழுந்தது. "சாப்பாடு உண்டா?" என்றார்.

"கடைசித் துண்டு பூரா உங்களுக்குத்தான்."

கல்யாணம் அங்கேயே நிச்சயமானது.

வீட்டுக்குப் போகிற வழியில் அங்கம்மாள் வாயே திறக்கவில்லை. திட்டவும் தெம்பு வேண்டுமே. குகை தெரிகிற தூரம் வந்ததும்தான் கேட்டாள்.

"அந்தக் கடைசித் துண்டு எப்படி இருந்துச்சு?"

"நம்ம குகைக்குப் பின்னாடி புற்று இருக்குல்ல, அது மாதிரியே இருந்துச்சு."

மூவரும் பின்பக்கம் போய்ப் பார்த்தார்கள். புற்று இருந்த இடத்தில் ஒரு குழிதான் இருந்தது. சுற்றிலும் மரநாயின் காலடி. தேனரசிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வெறும் வயிற்றில் சிரித்ததில் விக்கலும் வந்தது.

கல்யாணமும் கிழமேலில்தான் நடந்தது. எல்லா மேசையிலும் பெண்ணின் அப்பாவுக்கென்று ஒரு நாற்காலி காலியாகப் போட்டிருந்தார்கள். அவர் ஒவ்வொன்றாக வந்து உட்கார்ந்து, தின்று, திட்டு வாங்கி, எழுந்து போனார். இன்றைக்கு அந்தக் காட்டில் கரியமுத்துவைக் காறித் துப்பாத ஆள் இல்லை, கூப்பிடாத வீடும் இல்லை. ஆள் இரண்டு சுற்றுப் பெருத்துவிட்டார்.

இதை உங்களுக்கு நான் சொன்னதாக யாரிடமும் மூச்சு விட்டுவிடாதீர்கள். அடுத்த வாரம் எனக்கும் அங்கே ஒரு விருந்து இருக்கிறது. யார் சொன்னது என்று யாராவது துருவிக் கேட்டால், கொக்கு சொன்னது என்று சொல்லிவிடுங்கள். அது எத்தனை காலில் நின்று மறுத்தாலும் இனி யாரும் நம்பப்போவதில்லை.

நீதி: வெட்கமுள்ளவர்கள் விருந்துக்குப் போகும்போது வெட்கமில்லாத ஒருவரைத் திட்டிக்கொண்டே கூட்டிக்கொண்டு போக வேண்டும். அவர் இல்லாவிட்டால் இரண்டாம் தட்டு வராது. வந்தாலும் அதில் ஒன்றும் இருக்காது, ஆனால் அதை வயிறு நிறைந்து பார்க்கக்கூடியவர் அவர் ஒருவர்தான்.