தமுக்கடித்த சரித்திரம்

மணிக்கூண்டுப் பக்கம் தமுக்குச் சத்தம் கேட்டதும் சூசைமாணிக்கத்தின் வலது கால் தானாகத் தாளம் போட ஆரம்பித்தது. சட்டென்று இடது காலால் அதை மிதித்துக்கொண்டான்.

எதிரே வாசகசாலைத் தலைவர் உடையப்பன் நோட்டீஸை மூக்குக்குப் பக்கத்தில் வைத்துப் படித்துக்கொண்டிருந்தார்.

"என்னய்யா இது? கூட்டம் இன்னைக்கு, ஞாயித்துக்கிழமை. இதுல திங்கக்கிழமைன்னு போட்டிருக்கு?"

"அச்சாபீசுல கிழமையை மாத்திக் கோத்துட்டாங்க, தலைவரே. அதைச் சரிக்கட்டத்தான் தமுக்கு அடிக்கச் சொல்லியிருக்கேன்."

"தமுக்கா?" உடையப்பனின் விரல்கள் மேஜைமேல் படபடவென்று ஆடின. மனிதருக்குக் கோபம் விரலில்தான் வரும் போலிருக்கிறது என்று சூசைமாணிக்கம் நினைத்துக்கொண்டான். "யாரு அடிக்கிறது?"

"சடையாண்டி."

"அந்த ஆளா! வேற ஆளே கெடைக்கலையா?"

"ஊர்ல தமுக்கு அடிக்க அவரு... அவன் ஒருத்தன்தானே, தலைவரே."

'அவரு' என்பதை 'அவன்' ஆக்கும்போது நாக்கு கொஞ்சம் இடறியது. இடறாமல் என்ன செய்யும்? சடையாண்டி அவனுடைய சொந்தத் தாய்மாமன்.

இந்த விஷயம் ஞானோதயம் வாசகசாலையில் யாருக்கும் தெரியாது. சூசைமாணிக்கம் தஞ்சாவூர்ப் பக்கத்துப் பையன், விடுதியில் படித்து வளர்ந்தவன் என்றுதான் சொல்லி வைத்திருந்தான். விடுதி உண்மை. தஞ்சாவூர் கப்ஸா. அவன் பிறந்தது சாணார்பட்டிக்குக் கிழக்கே ஒரு கிராமத்தின் கடைசித் தெருவில். தாத்தா, மாமன் எல்லாரும் கொட்டு அடித்தவர்கள். அப்பா செத்த பிறகு அம்மா கிறிஸ்தவ வேதத்தில் சேர்ந்து, ஐந்து வயதிலேயே அவனைக் கொண்டுபோய் விடுதியில் விட்டாள்.

அந்த மாதிரித் தெருக்காரர்கள் வாசகசாலைக்குள் வருவதில்லை. வரக்கூடாது என்று எங்கேயும் எழுதியிருக்கவில்லை. வரலாம் என்றுதான் சட்டம் சொன்னது. ஆனாலும் அவர்கள் மேற்கு ஜன்னலுக்கு வெளியே நிற்பார்கள், உள்ளே யாராவது பத்திரிகையை உரக்கப் படிப்பார்கள், அவர்கள் கேட்டுவிட்டுப் போவார்கள். அதுதான் வழக்கம். அப்படிப்பட்ட இடத்தில் அந்தத் தெருப்பையன் நூலகன் என்று தெரிந்தால் என்ன நடக்கும்? வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. இன்றைய கூட்டம் நல்லபடியாக முடிந்தால் நிரந்தரம் என்று தலைவர் சொல்லியிருந்தார்.

வேலையில் சேர்ந்த அன்றே மாமனிடம் சத்தியம் வாங்கியிருந்தான். "மாமா, ஊருக்குள்ள என்னைத் தெரிஞ்ச மாதிரியே காட்டிக்கக்கூடாது. 'அய்யா'ன்னுதான் கூப்பிடணும்."

சடையாண்டி வெற்றிலையை மென்றுகொண்டே, "அதுக்கென்ன அப்பு, பழக்கந்தேன்" என்றார். அப்படிக் கேட்டதற்காக வெகுநாள் தன்னையே நொந்துகொண்டான் சூசைமாணிக்கம். ஆனால் சத்தியத்தைத் திருப்பிக் கொடுக்கவில்லை.

கூட்டத்துக்கு வித்திட்டது ஒரு பத்திரிகைத் துணுக்கு. அமெரிக்காவில் கறுப்பு மக்கள் தங்கள் சரித்திரத்தைப் பேச வருஷத்தில் ஒரு வாரம் வைத்திருக்கிறார்களாம். ஒரு வாரம் போதாது, ஒரு மாதம் வேண்டும் என்கிறார்களாம். ஞானோதயத்தார் படித்துவிட்டுக் கொதித்துப் போனார்கள். அமெரிக்கா திண்டுக்கல்லிலிருந்து வெகு தூரத்தில் இருந்ததால் கொதிப்பதில் யாருக்கும் சிரமமில்லை. 'கறுப்பு மக்களின் சரித்திரத்துக்கு ஒரு மாதம் ஒதுக்கலாமா?' என்று பொது விவாதம் ஏற்பாடாயிற்று.

மணி மூன்று அடிப்பதற்குள் வாசகசாலை வாசலில் நூறு பேர் நின்றார்கள்.

மாதக்கூட்டத்துக்கு இருபது பேர் வந்தால் அதுவே திருவிழா. கூட்டத்துக்கு முன்னால் பூக்காரி பேச்சாயி கூடையை இடுப்பில் வைத்தபடி நின்றாள்.

"ஏம்ப்பு, மாசம் ஒதுக்குறாகளாமே, யாருகிட்ட எழுதிக் குடுக்கணும்?"

"எழுதிக் குடுக்கிறதா? எதை?"

"பேரைத்தேன். கறுப்பா இருக்கிறவுகளுக்கு ஒரு மாசம்னு தமுக்கடிச்சுச் சொன்னாகள்ல."

அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. திண்டுக்கல்லில் தமுக்கு அடித்தால் அது சர்க்கார் உத்தரவு. வரி, தண்ணீர், அம்மைக்குத்து எல்லாம் தமுக்கில்தான் வரும். தமுக்கடித்து யாரும் இதுவரை சனங்களிடம் அபிப்பிராயம் கேட்டதில்லை.

பூட்டுப்பட்டறை வேலுசாமி சட்டைக்கையை முழங்கைக்கு மேல் சுருட்டிக் காட்டினார். "தம்பி, எம்புட்டுக் கறுப்பு இருந்தாச் சேப்பீக? இது போதுமா?"

"ஒனக்கு அது பட்டறைக் கரியப்பா. கழுவிட்டு வந்து காட்டு!" என்றார் சிறுமலையிலிருந்து வாழைத்தார் இறக்க வந்திருந்த ஒருவர்.

"அய்யா, இது அமெரிக்காவுல உள்ளவங்களைப் பத்தி!" என்று சூசைமாணிக்கம் கத்தினான்.

"அம்புட்டுத் தொலவுல இருக்கவனுக்கு எதுக்குத் திண்டுக்கல்லுல தமுக்கு?" என்று பேச்சாயி கேட்டாள்.

சூசைமாணிக்கம் பின்பக்கமாக ஓடி, கோட்டைத் தெரு முனையில் மாமனைப் பிடித்தான். பக்கத்தில் ஆள் இருந்ததால் குரலை விறைப்பாக்கிக்கொண்டான்.

"இந்தாப்பா சடையாண்டி! இன்னொரு சுத்துப் போயி, இது சர்க்கார் உத்தரவு இல்லேன்னு தமுக்கடிச்சுச் சொல்லு."

"உத்தரவு அய்யா" என்றார் சடையாண்டி. அந்த 'அய்யா' ஊசியாகக் குத்தியது.

பிள்ளையார் பிடிக்கக் குரங்கான கதைதான். சர்க்கார் உத்தரவு இல்லை என்று தமுக்கே வந்து சொன்னதும், அதுவரை சும்மா இருந்தவர்களுக்கும் சந்தேகம் வந்துவிட்டது. 'இல்லேன்னு மெனக்கெட்டுச் சொல்றான்னா என்னமோ இருக்கு. நமக்குத் தெரியாம எவனுக்கோ குடுக்கப் பாக்குறான்' என்று பேகம்பூர், நாகல்நகரிலிருந்தெல்லாம் ஆட்கள் வந்தார்கள். நாலரைக்கு முந்நூறு பேர். மேற்கு ஜன்னலுக்கு வெளியே மட்டும் ஐம்பது பேர் நெருக்கிக்கொண்டு நின்றார்கள். அவர்களுக்கு நடுவே, தோளில் தமுக்கோடு சடையாண்டி.

உடையப்பன் பின்வாசல் வழியாக வந்தார். கூட்டத்தைப் பார்த்ததைவிட அந்த ஜன்னலைப் பார்த்ததும்தான் அவர் முகம் செத்தது.

"என் நாக்காலிய இப்பிடித் திருப்பிப் போடு. அந்த ஜன்னல் முதுகுப் பக்கம் வரட்டும். வெளிச்சம் கண்ணக் கூசுது."

மேகம் மூடி, விளக்குப் போடலாமா என்றிருந்த நேரம் அது. சூசைமாணிக்கம் நாற்காலியைத் திருப்பினான். இம்புட்டு வெறுப்பு வைத்திருக்கிற மனுஷருக்கு என் பிறப்பு தெரிந்தால் தொலைந்தேன் என்று நினைத்துக்கொண்டான்.

"சரி, எதிர்த்துப் பேசுறது யாரு?" என்று தலைவர் கேட்டார்.

"யாரும் இல்லைங்க. எல்லாரும் ஆதரிச்சுத்தான் பேசுவாங்களாம்."

"அப்ப நீ பேசு."

"நானா?"

"பழசைக் கிண்டக்கூடாதுன்னு பேசு. எனக்கும் அதான் அபிப்பிராயம். முடிஞ்சு போனதைத் தோண்டி என்னய்யா லாபம்? நல்லாப் பேசு. நாளைக்குக் காலையில ஒன் நிரந்தர உத்தரவுல கையெழுத்துப் போட்டுர்றேன்."

சூசைமாணிக்கத்துக்குத் தலையாட்டுவதைத் தவிர வேறு வழி தெரியவில்லை.

ஆதரித்துப் பேசியவர் அருள்நாதன் என்ற கல்லூரி ஆசிரியர். நல்ல குரல். "தாத்தாவின் கதையை மறைக்கச் சொல்கிறவன் பேரனின் நாக்கை அறுக்கிறான்!" என்றார். ஜன்னலுக்கு வெளியே கைதட்டல் உள்ளே கேட்டதைவிட அதிகமாகக் கேட்டது.

அடுத்து சூசைமாணிக்கம் எழுந்தான். எங்கே பார்த்துப் பேசுவது? முன்னால் தலைவர். தலைவரின் தலைக்கு மேலே ஜன்னல். ஜன்னலில் மாமன். பேசப் பேச அந்தக் கண்கள் அவன்மேலேயே இருந்தன.

"பெரியோர்களே... முடிந்து போனது முடிந்து போனதுதான். நம் தாத்தா என்ன செய்தார் என்பது முக்கியமில்லை. அதை மறந்துவிடுவதே..." ஐந்து வயதில் விடுதி வாசலில் அழுதுகொண்டு நின்றவனைத் தோளில் தூக்கிச் சமாதானம் செய்தது இந்த மாமன்தான். அவர் காது கேட்கத் தன் தாத்தாவை மறக்கச் சொல்லிக்கொண்டிருந்தான். அவனுக்குத் தன்மேலேயே அருவருப்பாக இருந்தது. "மறந்துவிடுவதே... நல்லது."

அருள்நாதன் எழுந்து நின்றார். "நண்பரே, ஒரு கேள்வி. மறக்கச் சொல்கிறீர்களே, உங்கள் தாத்தா யார்? என்ன தொழில் செய்தார்? இந்தச் சபைக்குச் சொல்லுங்கள்."

சூசைமாணிக்கம் வாயைத் திறந்தான். மூடினான். தலைவரைப் பார்த்தான். உடையப்பனின் நெற்றியில் வேர்வை அவனுடையதைவிட அதிகமாக வழிந்துகொண்டிருந்தது.

டிங்! டிங்! டிங்! தலைவர் மணியை அடித்துத் தீர்த்தார். "நேரம் முடிஞ்சது! தாத்தனைப் பத்தியெல்லாம் யாரும் யாரையும் கேக்கக்கூடாது! அடுத்து, சபையோர் அபிப்பிராயம்!"

பேசி இரண்டு நிமிஷம்கூட ஆகியிருக்கவில்லை. மணிச்சத்தம் கேட்டதும் பேச்சாயி எழுந்தாள்.

"குடுக்கிறது குடுக்கிறீக, எந்த மாசம்?"

அவ்வளவுதான், சபை தீப்பிடித்தது. தை அறுப்பு மாசம், தரமுடியாது. வைகாசி முகூர்த்த மாசம். ஐப்பசி தீபாவளி. கார்த்திகை மலைக்குப் போகிறவர்களுக்கு. கடைசியில் பலசரக்குக்கடைக்காரர் ஒருவர் தாராள மனசோடு சொன்னார்: "ஆடியக் குடுத்துரலாம். அதுலதான் ஒரு நல்ல காரியமும் கெடையாது."

"அடேயப்பா, ஒனக்கு வேண்டாததைக் குடுக்கிறதுக்கு ஒரு கூட்டமா?" என்றாள் பேச்சாயி. ஜன்னலுக்கு வெளியே சிரித்தார்கள்.

அருள்நாதன் கையை உயர்த்தினார். "ஒரு நிமிஷம்! காலையிலிருந்து ஊரெல்லாம் தமுக்கடித்து நம்மைக் கூட்டியவர் அந்த ஜன்னலுக்கு வெளியே நிற்கிறார். அவரை யாரும் கேட்கவில்லையே! பெரியவரே, உங்கள் சரித்திரத்தைப் பேச ஒரு மாதம் போதுமா?"

முந்நூறு தலைகளும் ஜன்னல் பக்கம் திரும்பின. ஒரு தலை மட்டும் திரும்பவில்லை. உடையப்பன் நாற்காலிக் கையை இறுகப் பிடித்துக்கொண்டு நேரே சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

'அந்தா நிக்கிறான் பாருங்க என் அக்கா மகன்' என்று மாமன் ஒரு வார்த்தை சொன்னால் போதும். சூசைமாணிக்கம் பேசிய பேச்சுக்கு அப்படிச் சொன்னாலும் தப்பில்லை.

சடையாண்டி அவனைப் பார்த்தார். பிறகு தலைவரின் முதுகைப் பார்த்தார். வெற்றிலை எச்சிலை நிதானமாக ஓரமாய்த் துப்பினார்.

"பேசுறதுக்கு ஒரு மாசமென்ன, ஒரு வருசத்துக்கு எங்கிட்ட இருக்குய்யா. ஆனா சில பேருக்குச் சத்தியம் பண்ணிக் குடுத்திருக்கேன். அவுகளா வாயத் தொறக்கட்டும்னு பாத்துக்கிட்டிருக்கேன்."

அருள்நாதனுக்கு அது புரியவில்லை. ஆனாலும் கைதட்டினார். எல்லாரும் தட்டினார்கள். அந்தச் சந்தடியில் தலைவர், "தீர்மானம் ஏகமனதா நிறைவேறுச்சு! அமெரிக்காவுல எந்த மாசம் வேணும்னாலும் வச்சுக்கிரட்டும்! கூட்டம் முடிஞ்சது!" என்று எழுந்தார்.

பின்வாசலில் சூசைமாணிக்கத்தின் கையைப் பிடித்துக்கொண்டார். அவர் கை ஈரமாக இருந்தது. "நல்லாப் பேசுனே. கையெழுத்து இப்பவே போட்டாச்சு, இந்தா. ஆனா ஒண்ணு, இனிமே இந்த வாசகசாலையில சரித்திரமும் வேணாம், தமுக்கும் வேணாம்." உத்தரவைத் திணித்துவிட்டு ஜட்கா வண்டியில் ஏறி மறைந்தார்.

சூசைமாணிக்கம் உத்தரவைப் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. நேரே மேற்கு ஜன்னலுக்குப் போனான். கூட்டம் கலைந்து போய்க்கொண்டிருந்தது. சடையாண்டி மட்டும் தமுக்கின் வாரைச் சுருட்டிக்கொண்டிருந்தார்.

"மாமா" என்றான், நாலு பேர் காதில் விழும்படி.

சடையாண்டி பதறிப்போய் இரண்டு பக்கமும் பார்த்தார். "மெல்லய்யா, மெல்ல!"

"இனிமே அய்யா இல்ல, மாமா. நான் பேசுனதைக் கேட்டுக்கிட்டு நின்னீங்களே, எனக்கு நாண்டுக்கிட்டுச் சாகலாம் போல இருந்துச்சு. அந்தச் சத்தியத்தைத் திருப்பிக் குடுத்துட்டேன். இப்பவே தலைவர் வீட்டுக்குப் போயி நான் யாருன்னு சொல்லிட்டு வாரேன். வேலை போனாப் போகட்டும்."

மாமனுக்குக் கண் கலங்கியது. துண்டால் துடைத்துக்கொண்டார். ஆனால் மருமகன் தெருவில் இறங்கியதும் கையைப் பிடித்து இழுத்தார்.

"செத்த நேரம் பொறு மாப்ள. நீ சொன்னா அவரு தாங்கமாட்டாரு."

"ஏன், நம்ம தெருன்னா அம்புட்டு வெறுப்பா அவருக்கு?"

"வெறுப்பில்ல மாப்ள, பயம். அவரு என் பெரியப்பன் மகன். கிராமத்துல அவரு அடிச்ச இந்தத் தமுக்கை எங்கிட்டக் குடுத்துட்டுத்தேன் ரங்கூனுக்குக் கப்பலேறுனாரு. திரும்பி வந்த அன்னைக்கே, ஊருக்குள்ள 'அய்யா'ன்னுதான் கூப்பிடணும்னு எங்கிட்டச் சத்தியம் வாங்குன மொத ஆளும் அவருதேன்!"